பிரேஸ் போட்ட வருடங்கள்

எங்கள் வீட்டுக்கு வருகிற உறவினர்கள் மூத்தவளைப் பார்த்ததும் கேட்பது ஒரே கேள்விதான். "முதுகு நேராயிடுச்சா?" இல்லை என்றால் முகம் வாடிவிடும். "இத்தனை நாள் அந்தப் பெல்ட்டைப் போட்டுமா?" என்று அடுத்த கேள்வி வரும். அவர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது. வைத்தியம் என்றால் இருந்த கோளாறு போக வேண்டும், அதுதானே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. பதின்வயதில் வரும் முதுகெலும்பு வளைவுக்கு ஆபரேஷன் இல்லாமல் செய்யும் வைத்தியத்தில் அந்தக் கணக்கு செல்லாது. 28 டிகிரி வளைவோடு போன பிள்ளை, உயரம் வளர்ந்து முடியும்போதும் ஏறக்குறைய அதே இடத்தில் நின்றால் டாக்டர் கைகொடுக்கிறார். வளைந்தது வளைந்தபடியே இருப்பதற்கு யாராவது ஸ்வீட் வாங்கிக் கொடுப்பார்களா? நாங்கள் கொடுத்தோம்.

இந்தக் கட்டுரை அந்த ஸ்வீட்டுக்கான விளக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் டாக்டர் இல்லை. மகளோடு இதில் சில வருடங்கள் நடந்த அம்மா, கிடைத்ததையெல்லாம் படித்த அம்மா, அவ்வளவுதான்.

எங்களுக்கு முதலில் சொன்னவர் தெருமுனை டெய்லர். எட்டாம் வகுப்பு யூனிஃபார்முக்கு அளவெடுக்கும்போது டேப்பை மறுபடி வைத்துப் பார்த்தார். "வலது தோள் ஏறியிருக்குக்கா. பின்னால ஒரு சைடு துணி கூட விடணும் போலிருக்கு. எதுக்கும் டாக்டர்ட்ட ஒரு தடவை காட்டிருங்க" என்றார். அப்புறம் பிரேஸ், அதாவது உறவினர்கள் பெல்ட் என்று சொல்லும் அந்த பிளாஸ்டிக் கூடு, செய்யும் இடத்தில் மற்ற அம்மாக்களோடு பேசியபோது, ஒரு பெண்ணுக்குப் பரதநாட்டிய டீச்சர் அரைமண்டியில் பார்த்துச் சொன்னாராம், இன்னொருத்திக்கு நீச்சல் கோச். அம்மா சொன்னதாக ஒருவரும் சொல்லவில்லை. யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. இந்த வளைவு வேகம் பிடிப்பது 10 வயதுக்கு மேல். அதே வயதில்தான் பிள்ளை தானே குளித்து, கதவைச் சாத்திக்கொண்டு உடை மாற்ற ஆரம்பிக்கிறது. எண்ணெய் தேய்த்துவிட்ட காலம் முடிந்துபோகிறது. பிள்ளையின் முதுகைப் பெற்றவர்கள் பார்ப்பதே நின்றுபோகிற வயதில் முதுகு வளைகிறது. பெரும்பாலும் வலியும் இருக்காது, அதனால் பிள்ளையும் வந்து சொல்லாது.

ஸ்கோலியோசிஸ் என்கிறார்கள். எக்ஸ்ரேயில் பக்கவாட்டு வளைவு 10 டிகிரியாவது இருந்தால்தான் அந்தப் பெயர். அதற்குக் கீழே உள்ளதைக் கணக்கில் எடுப்பதில்லை. வளைவு என்று சொன்னாலும் விஷயம் வளைவோடு நிற்பதில்லை. ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரும்பவும் செய்கின்றன. அவற்றோடு சேர்ந்த விலா எலும்புகளும் திரும்புவதால்தான் முதுகின் ஒரு பக்கம் புடைத்துத் தெரிகிறது. பதின்வயதுப் பிள்ளைகளில் 100க்கு இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கிறது. சின்ன வளைவுகள் ஆண், பெண் இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட சமமாக வருகின்றன. வைத்தியம் தேவைப்படும் அளவுக்குப் பெரிதாவது பெண் பிள்ளைகளுக்குத்தான் பல மடங்கு அதிகம். ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளைவு ஏன் வந்தது என்பதற்கே காரணம் கிடைப்பதில்லை. குடும்பத்தில் வரும் பாங்கு உண்டு, பல மரபணுக்களுக்குப் பங்கு இருக்கிறது என்கிற அளவில்தான் விஷயம் இருக்கிறது.

காரணம் தெரியாத நோய்க்குத்தான் வீட்டில் காரணங்கள் அதிகம். கனமான ஸ்கூல் பை. ஒரு பக்கமாகப் படுப்பது. செல்போன். பால் குடிக்காதது. என் மாமியார் "நிமிர்ந்து உக்காருன்னு தலையால அடிச்சிக்கிட்டேனே" என்று ஒரு வாரம் புலம்பினார். இவற்றில் எதுவும் இந்த வளைவைக் கொண்டுவருவதில்லை. கனமான பையால் தோள் வலிக்கலாம், அது வேறு கதை. இதை முதல் நாளே டாக்டர் என் மகளைப் பார்த்துத்தான் சொன்னார், என்னைப் பார்த்து இல்லை. "நீ எதுவும் தப்பா செஞ்சு இது வரலைம்மா." அவள் அன்றைக்கு முழுக்க ஞாபகம் வைத்திருந்தது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. பிள்ளை காலைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துத் தொங்கவிட்டுக் குனிய வேண்டும். நாம் பின்னால் உட்கார்ந்து முதுகின் தளத்தைப் பார்க்க வேண்டும். ஒரு பக்க விலா மற்றதைவிட மேடாக இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும். லண்டனில் இருந்த வில்லியம் ஆடம்ஸ் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் 1865இல் எழுதிவைத்த சோதனை இது. 160 வருடத்துக்கு அப்புறமும் இதைவிட மலிவானது ஒன்றும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் அந்த மேட்டின் மேல் ஸ்கோலியோமீட்டர் என்று ஒரு சின்ன ரசமட்டத்தை வைத்துச் சாய்வை அளப்பார்கள். 5லிருந்து 7 டிகிரி தாண்டினால் எக்ஸ்ரே. ஜப்பானில் 1970களின் இறுதியிலிருந்தே பள்ளிகளில் இந்தப் பரிசோதனை சட்டப்படி நடக்கிறது. அமெரிக்காவிலோ, எல்லாப் பிள்ளைகளையும் இப்படிச் சோதிப்பதால் நன்மை அதிகமா, தேவையில்லாத பயமும் எக்ஸ்ரேயும் அதிகமா என்று இன்னும் முடிவு சொல்லாமல் இருக்கிறார்கள். நம் ஊரில் டெய்லர்கள் இருக்கிறார்கள்.

எக்ஸ்ரேயில் வளைவை அளக்கும் முறைக்கு காப் கோணம் என்று பெயர். நியூயார்க்கில் இருந்த ஜான் காப் 1948இல் கொடுத்தது. வளைவின் மேல்முனையில் அதிகம் சாய்ந்த எலும்புக்கு ஒரு கோடு, கீழ்முனையில் ஒரு கோடு, இரண்டுக்கும் நடுவே உள்ள கோணம். ஒரே படத்தை இரண்டு பேர் அளந்தால் 5 டிகிரி வரை முன்னே பின்னே வரும். இது தெரியாவிட்டால் தூக்கம் கெடும். ஆறு மாதம் கழித்து 28 என்பது 31 ஆனால் கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. 28 என்பது 35 ஆனால்தான் பேச்சு. அதனால் ஒரே இடத்தில், ஒரே டாக்டரிடம், பழைய படத்தைப் பக்கத்தில் வைத்து அளக்கச் சொல்வது நல்லது. இன்னொன்று, படத்தை முதுகுப் பக்கமிருந்து எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வளர்கிற மார்பில் கதிர் குறைவாகப் படும். பழைய காலத்தில் வளரும் வயதில் நிறைய எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட பெண்களுக்குப் பின்னாளில் மார்பகப் புற்றுநோய் கூடியிருந்ததைக் கண்ட பிறகு வந்த பழக்கம் அது. நல்ல இடங்களில் கேட்காமலேயே அப்படித்தான் எடுக்கிறார்கள்.

டிகிரிக்கு அடுத்து, உண்மையில் அதைவிடவும் முக்கியமானது, இன்னும் எவ்வளவு வளர்ச்சி பாக்கி என்பது. டாக்டர் என் மகளிடம் பெரியவளாகிவிட்டாயா என்று கேட்டபோது என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கேள்விக்குக் காரணம் இருக்கிறது. பெண் பிள்ளைகள் மிக வேகமாக உயரம் கூடுவது வயதுக்கு வருவதற்குச் சற்று முன்பு. வளைவும் அந்த வேகத்தைப் பிடித்துக்கொண்டுதான் கூடுகிறது. பூப்பெய்திய பிறகு சுமார் இரண்டு வருடம் வளர்ச்சி மெதுவாகத் தொடர்ந்து, அப்புறம் நிற்கிறது. வீட்டுப் பெரியவர்கள் சொல்கிற "பெரிய மனுஷியானா தானா சரியாயிடும்" என்பதை நம்பி உட்கார்ந்தால், வைத்தியத்துக்கு உகந்த காலம் முழுவதும் கையை விட்டுப் போகும். எலும்பின் பக்குவத்தைப் பார்க்க இடுப்பெலும்பின் விளிம்பை எக்ஸ்ரேயில் பார்த்து 0 முதல் 5 வரை எண் கொடுக்கிறார்கள். ரிஸ்ஸர் என்பார்கள். சிலர் கை விரல் எலும்பின் படத்தையும் பார்க்கிறார்கள். 0 என்றால் வளர்ச்சி நிறைய பாக்கி, 5 என்றால் முடிந்தது. என் மகளுக்கு அப்போது 0.

இரண்டையும் சேர்த்துத்தான் வழி முடிவாகிறது. வளர்ச்சி பாக்கியிருக்கும் பிள்ளைக்கு 25 டிகிரிக்குக் கீழே என்றால் நாலு முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே வருவது. 25லிருந்து 40, 45 வரை பிரேஸ். 45, 50 தாண்டினால் ஆபரேஷன் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். 50 என்ற எண்ணுக்கு ஏன் அவ்வளவு மரியாதை என்றால், அதைத் தாண்டிய வளைவு உயரம் நின்ற பிறகும் வருடத்துக்கு ஒரு டிகிரி அளவில் கூடிக்கொண்டே போகக்கூடியது. 30க்குள் நின்றுவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க அப்படியே இருக்கும். ஆக, பிள்ளை வளர்ந்து முடிகிற நாள்வரை வளைவை அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே பிடித்து வைப்பதுதான் வேலை. ராத்திரி எழுப்பும் வலி, கால் மரத்துப்போவது, வழக்கமாக வலப் பக்கம் போகும் மேல்முதுகு வளைவு இடப் பக்கம் போவது போன்றவை இருந்தால் கதை வேறு. எம்ஆர்ஐ எடுத்துத் தண்டுவடத்தைப் பார்க்கச் சொல்வார்கள்.

சரி, பிரேஸ் உண்மையிலேயே வேலை செய்கிறதா? நான் மிக அதிகம் தேடியது இதைத்தான். ஏனென்றால் மதுரை வெயிலில் 12 வயதுப் பிள்ளையை பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைக்க எனக்கு உறுதியான காரணம் வேண்டியிருந்தது. பிரேஸ் புதிதல்ல. அமெரிக்காவின் மில்வாக்கியில் 1940களில் கழுத்து வரை கம்பி ஏறும் பிரேஸ் வந்தது. 1970களில் பாஸ்டனில் கைக்குக் கீழே முடிகிற, சட்டைக்குள் மறைகிற ஒன்று வந்தது. பிரான்ஸின் ழாக் ஷெனோ வடிவமைத்தது இன்னொரு வகை. இவ்வளவு காலம் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டும், போடாமலே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு உறுதியான பதில் இல்லாமலே இருந்தது. போட்ட பிள்ளையின் வளைவு நின்றால் பிரேஸால் நின்றதா, தானே நின்றதா?

அந்தக் கேள்விக்கு அயோவா பல்கலைக்கழகத்தின் ஸ்டூவர்ட் வைன்ஸ்டீன் தலைமையில் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 25 மருத்துவமனைகள் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தின. பிரெய்ஸ்ட் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். 10 முதல் 15 வயது, 20 முதல் 40 டிகிரி, வளர்ச்சி பாக்கியுள்ள பிள்ளைகள். சீட்டுக் குலுக்கி யாருக்கு பிரேஸ், யாருக்கு வெறும் கண்காணிப்பு என்று முடிவு செய்வதாகத்தான் திட்டம். பெற்றோர் ஒத்துக்கொள்ளவில்லை. "என் பிள்ளைக்கு எது என்று நான்தான் முடிவு செய்வேன்" என்று பெரும்பாலோர் சொல்லிவிட்டார்கள். அவர்களை எனக்கு நன்றாகப் புரிகிறது. கடைசியில் தாங்களாகத் தேர்ந்தெடுத்த குடும்பங்களையும் தனியாகச் சேர்த்துக்கொண்டார்கள். குலுக்கலில் வந்தவர்கள் 116, தேர்ந்தெடுத்தவர்கள் 126. முடிவு 2013இல் வெளிவந்தது. வளர்ச்சி முடியும்வரை 50 டிகிரியைத் தொடாமல் தப்பியவர்கள், பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம், போடாதவர்களில் 48. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள்.

இந்த ஆய்வில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. பிரேஸுக்குள் வெப்பத்தை உணரும் சிறு கருவியை வைத்திருந்தார்கள். பிள்ளை எத்தனை மணி நேரம் போட்டது என்பது உடம்புச் சூட்டை வைத்துத் தெரிந்துவிடும். அம்மாவிடம் ஒன்று, டாக்டரிடம் ஒன்று சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு 18 மணி நேரம் போடச் சொல்லியிருந்தார்கள். சராசரியாக 12.9 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் 90 முதல் 93 சதவீதம் பேர் தப்பினார்கள். ஆறு மணி நேரத்துக்குள் போட்டவர்களுக்கோ, போடாதவர்களைவிட ஒரு பலனும் இல்லை. அதாவது பிரேஸை வாங்குவது வைத்தியம் இல்லை, பிரேஸுக்குள் இருக்கும் மணி நேரம்தான் வைத்தியம். அரைகுறையாகப் போடுவதைவிடப் போடாமலே இருக்கலாம், கஷ்டமாவது மிச்சம்.

அதே ஆய்வின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பிரேஸ் போடாத 100 பேரில் 48 பேர் சும்மா இருந்தே தப்பியிருக்கிறார்கள். என் மகள் அந்த 48இல் ஒருத்தியாக இருந்திருக்கலாம். அதை முன்கூட்டிச் சொல்லும் வழி இன்றைக்குக் கையில் இல்லை. குலுக்கலில் வந்தவர்களை மட்டும் எடுத்தால், ஏறக்குறைய மூன்று பிள்ளைகளுக்கு பிரேஸ் போட்டால் ஒரு பிள்ளை அதனால் ஆபரேஷன் எல்லையைத் தொடாமல் தப்புகிறது என்று கணக்கு. மீதி இரண்டு பேரில் ஒருவர் எப்படியும் தப்பியிருப்பார், மற்றவருக்கு எப்படியும் கூடியிருக்கும். இதைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று முடிவெடுக்கும் குடும்பத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் மகளிடமே இந்த எண்களைக் காட்டினோம். "மூணுல ஒண்ணுன்னா போடலாம்மா" என்றாள். பெரியவர்கள் சொல்லிப் போட்டிருந்தால் எத்தனை மாதம் தாங்கியிருப்பாள் என்று தெரியவில்லை.

பிரேஸ் செய்கிறவர்களுக்கு ஆர்த்தோட்டிஸ்ட் என்று பெயர். வேலூர் சிஎம்சியில் செயற்கைக் கால், பிரேஸ் செய்வதற்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது என்பதே எனக்கு அதுவரை தெரியாது. எங்களுக்குச் செய்தவர் பிள்ளையை ஸ்கேனரால் சுற்றி அளவெடுத்தார். சில இடங்களில் இன்னும் உடம்பில் ஈர பிளாஸ்டர் துணி சுற்றித்தான் அச்சு எடுக்கிறார்கள். அந்த அச்சில் வளைவுக்குத் தக்கபடி ஓரிடத்தில் செதுக்கி, இன்னோரிடத்தில் பூசி, அதன்மேல் சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டைப் போர்த்தி எடுப்பார்கள். புடைத்த பக்கத்தில் அழுத்தும் திண்டு, குழிந்த பக்கத்தில் காலி இடம். அழுத்தம் எங்கே என்று எல்லோரும் பார்ப்பார்கள், காலி இடம் எங்கே என்றும் பார்க்க வேண்டும். தள்ளப்படுகிற உடம்பு போக இடம் இல்லாவிட்டால் பிரேஸ் வெறும் இறுக்கம்தான். போட்டுப் பழகிய சில வாரத்தில் பிரேஸோடு ஓர் எக்ஸ்ரே எடுப்பார்கள். உள்ளே இருக்கும்போது வளைவு பாதியளவாவது குறைந்திருந்தால் நல்ல பொருத்தம். அந்தப் படத்தைப் பார்த்து "நேராயிடுச்சே!" என்று என் கணவர் சந்தோஷப்பட்டார். கழற்றினால் திரும்ப வந்துவிடும், அது எல்லோருக்கும் அப்படித்தான் என்று ஆர்த்தோட்டிஸ்ட் பொறுமையாகச் சொன்னார்.

முதல் இரண்டு வாரம்தான் மோசம். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று கூட்டிக்கொண்டு போகச் சொல்வார்கள். உள்ளே கையில்லாத காட்டன் பனியன் போட வேண்டும். அதன் தையல் தோலில் பதிந்ததால் நாங்கள் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுவிட்டோம். பவுடரும் வேண்டாம், கிரீமும் வேண்டாம், வியர்வையில் குழைந்து புண்ணாக்கிவிடும். பனியனை ஒரு நாளைக்குப் பலமுறை மாற்றுவதுதான் ஒரே வழி. கழற்றியதும் திண்டு அழுத்திய இடம் சிவந்திருக்கும், அரை மணி நேரத்தில் மறைந்தால் சரி. மறையாவிட்டால் ஆர்த்தோட்டிஸ்டிடம் ஓட வேண்டும். ஸ்ட்ராப்பை எங்கே இறுக்க வேண்டும் என்று மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் கோட்டுக்கு ஒரு விரல் முன்னால் நிறுத்திவிட்டுப் போட்டாச்சு என்று சொல்லும் திறமை எல்லாப் பிள்ளைகளுக்கும் சீக்கிரமே வந்துவிடுகிறது. வயிறு அழுந்துவதால் நாலு இட்லியை ஒரேயடியாகச் சாப்பிட முடியாது. இரண்டு, அப்புறம் இரண்டு. ஒன்பதாம் வகுப்பில் சுடிதார் மேல் ஓவர்கோட் போடும் யூனிஃபார்ம் வந்தது. அரசாங்கம் யாருக்காக அதைக் கொண்டுவந்ததோ தெரியாது, என் மகளுக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளிக்குப் போட்டுப் போக மாட்டேன் என்று ஒரு கட்டத்தில் சண்டை வந்தது. வகுப்பில் பேனா விழுந்தால் குனிய முடியவில்லை, பின்பெஞ்சிலிருந்து யாரோ தட்டிப் பார்த்து "டொக் டொக்" என்றிருக்கிறார்கள். அன்றைக்கு நாங்கள் உட்கார்ந்து மணியைக் கூட்டினோம். பள்ளி விட்டு வீடு வந்ததிலிருந்து மறுநாள் கிளம்பும்வரை சுமார் 15 மணி நேரம். விளையாட, குளிக்க இரண்டு மணி நேரம் போனால் 13. பள்ளியில் போடாவிட்டாலும் இரவும் மாலையும் கறாராகப் போட்டால் அந்த 12.9ஐத் தொடலாம். டாக்டரிடம் இதைச் சொன்னோம். 18 மணி நேரம் நல்லது, ஆனால் சண்டை போட்டுக் கிடைக்கும் எட்டைவிட ஒத்துக்கொண்டு கிடைக்கும் 13 மேல் என்றார். விடுமுறை நாட்களில் கூடுதலாகப் போடுவதாக அவளே சொன்னாள். பாதி நாள் செய்தாள். இரவில் மட்டும் போடும் வகை பிரேஸ்களும் இருக்கின்றன, சில வளைவுகளுக்குத்தான் ஒத்துவரும் என்பதால் எங்களுக்குக் கொடுக்கவில்லை. விளையாட்டுக்குக் கழற்றலாம், கழற்றவும் வேண்டும். ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது என்பதெல்லாம் பக்கத்து வீட்டு வைத்தியம். உசேன் போல்ட்டுக்கே ஸ்கோலியோசிஸ் உண்டு.

உடற்பயிற்சிக்கு வருகிறேன். இணையத்தில் தேடினால் ஷ்ரோத் என்ற பெயர் உடனே வந்து விழும். காத்தரினா ஷ்ரோத் 1894இல் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் பிறந்தவர். அவருக்கே ஸ்கோலியோசிஸ். 16 வயதில் எஃகு பிரேஸ் போட்டுவிட்டார்கள். அது பிடிக்காமல், பலூன் ஒன்றைப் பார்த்து யோசித்தாராம். ஓரிடத்தில் அமுங்கிய பலூனைக் காற்று உள்ளிருந்து தள்ளி நிமிர்த்துவதுபோலத் தன் முதுகின் குழிந்த பக்கத்துக்குள் மூச்சை அனுப்பப் பழகினார். எதிரே ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி. 1921இல் மைஸன் ஊரில் சிறிய நிலையம் ஆரம்பித்தார், பிறகு மகளும் சேர்ந்துகொண்டார். போருக்குப் பின் மேற்கு ஜெர்மனிக்கு வந்து பாட் ஸோபர்ன்ஹைம் என்ற ஊரில் தொடர்ந்தார்கள். அவர் டாக்டர் இல்லை, டீச்சர். நோயாளியே கண்டுபிடித்த வைத்தியம் என்பதால் எனக்கு அவர் மேல் தனிப் பிரியம்.

பிரியம் வேறு, ஆதாரம் வேறு. இந்தப் பயிற்சிகளைப் பற்றி நல்ல ஆய்வுகள் வந்திருக்கின்றன, ஆனால் எல்லாம் சிறியவை, குறுகிய காலத்தவை. சில டிகிரி குறைந்ததாகவும், பிள்ளைகள் தங்கள் முதுகைப் பற்றி நன்றாக உணர்ந்ததாகவும் சொல்கின்றன. பிரேஸுக்கு உள்ளது மாதிரியான பெரிய, நீண்ட ஆய்வு இதற்கு இல்லை. அதனால் பிரேஸ் வேண்டிய வளைவுக்கு பிரேஸோடு சேர்த்துச் செய்வதுதான் நியாயம் என்று எங்கள் டாக்டர் சொன்னார், எனக்கும் அது சரியாகப் பட்டது. சென்னையில் பயிற்சி பெற்ற ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொண்டு, வீட்டில் தினமும் அரை மணி நேரம். ஒவ்வொரு வளைவுக்கும் பயிற்சி வேறு, வீடியோ பார்த்துச் செய்தால் தவறான பக்கத்தைத் தூக்கிவிடும் ஆபத்து உண்டு. திரும்பிய விலாவுக்கு அடியில் முட்டுக்கொடுக்க அரிசி நிரப்பிய சின்னத் துணிப்பைகள் வேண்டும் என்றார். அதே டெய்லர்தான் தைத்துக் கொடுத்தார். ரேஷன் அரிசி சரியான கனம்.

யோகா, நீச்சல் எல்லாம் செய்யலாம், உடம்புக்கு நல்லது. வளைவைப் பிடித்து நிறுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. எண்ணெய் போட்டு நீவிவிட்டால் தசை வலி குறையும், எலும்பு திரும்பாது. மின்சாரத்தால் தசையைத் தூண்டும் முறை ஒரு காலத்தில் பிரபலமாக இருந்தது. 1995இல் வெளிவந்த ஆய்வில் அதற்கும் சும்மா இருந்ததற்கும் வித்தியாசமே இல்லை என்று தெரிந்தது. ஆன்லைனில் விற்கும் தோள் நிமிர்த்தும் பெல்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. எங்களுக்குத் தெரிந்த ஒருவர் சொல்லி ஒரு நிலையத்துக்குப் போனோம். மூன்று மாதத்தில் பெல்ட் இல்லாமல் நேராக்கித் தருகிறோம், முழுப் பணமும் முன்னால் கட்டிவிடுங்கள் என்றார்கள். முதுகை நெட்டி முறித்துப் படம் காட்டினார்கள். முன் படத்தில் பிள்ளை சாய்ந்து நிற்கிறது, பின் படத்தில் நிமிர்ந்து நிற்கிறது. எக்ஸ்ரே எங்கே என்று என் மகள்தான் கேட்டாள். பதில் வரவில்லை. பணம் போனால் போகட்டும் என்று இப்படிப்பட்ட இடங்களை முயன்று பார்க்கலாம் என்பார்கள். 12 வயதில் போகிற ஆறு மாதம் திரும்பக் கிடைக்காது, அதுதான் இதில் உண்மையான செலவு.

கல்யாணப் பேச்சைத் தவிர்க்க முடியாது என்பதால் அதையும் எழுதிவிடுகிறேன். "பொம்பளப் பிள்ளை, நாளைக்குப் பிரசவம்…" என்று ஆரம்பிப்பார்கள். அயோவாவில் இதே வைன்ஸ்டீன், எந்த வைத்தியமும் செய்யாமல் விடப்பட்ட 117 பேரை 50 வருடம் கழித்துப் பார்த்து 2003இல் எழுதினார். முதுகுவலி மற்றவர்களைவிட அதிகம், தோற்றத்தைப் பற்றிய மனக்குறையும் அதிகம். ஆனால் வேலை, குடும்பம், ஆயுள் எல்லாம் ஏறக்குறைய மற்றவர்களைப்போலத்தான். வைத்தியமே செய்யாதவர்கள் நிலை அது. இதைச் சொன்னதற்கு ஒரு பெரியம்மா, "அது அமெரிக்கா" என்றார். அப்போது நான் இங்கிலாந்து அரசர் மூன்றாம் ரிச்சர்டைக் கொண்டுவந்தேன். 2012இல் லெஸ்டர் நகரில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் அவர் எலும்புக்கூடு கிடைத்தது. பத்து வயதுக்கு மேல் தொடங்கிய ஸ்கோலியோசிஸ், என் மகளுடையதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பெரிது. அந்த முதுகோடு குதிரையேறிப் போர்க்களத்தில் செத்தார். பெரியம்மாவுக்கு இது ஆறுதலாகப் படவில்லை. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

நடுவில் உயரம் கூடியதால் ஒரு பிரேஸ் சிறிதாகி இன்னொன்று செய்ய வேண்டியிருந்தது. பிரேஸுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் இரண்டாவதுக்கும் சேர்த்தே ஒதுக்கிக்கொள்வது நல்லது. இப்போது அவளுக்கு ரிஸ்ஸர் 4, ஒரு வருடமாக உயரம் கூடவில்லை. பகலில் முழுதாக நிறுத்தி, இரவு மட்டும் போட்டு, அதையும் குறைத்துக்கொண்டு வருகிறோம். கடைசிப் படத்தில் 30 டிகிரி. பிரேஸை விட்டபின் இரண்டு மூன்று டிகிரி கூடி நிலைப்பது வழக்கம், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். வலது தோள் இன்னும் லேசாக ஏறித்தான் இருக்கிறது. டெய்லர் அண்ணன் அளவு நோட்டில் அவள் பெயருக்கு எதிரே அதைக் குறித்து வைத்திருக்கிறார்.

சின்னவளுக்கு இந்த வருடம் பத்து வயது ஆகிறது. உடன்பிறந்தவர்களுக்கு வரும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதல் என்பதால், வளர்ச்சி முடியும்வரை சில மாதத்துக்கு ஒருமுறை குனியவைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நான் கூப்பிட்டால் அவள் ஓடிவிடுகிறாள். மூத்தவள் கூப்பிட்டால் குனிகிறாள். ஸ்கோலியோமீட்டருக்குப் பதிலாகப் போனில் ஓர் ஆப் இறக்கி வைத்திருக்கிறார்கள். போன மாதம் 3 டிகிரி காட்டியது. "இதெல்லாம் ஒண்ணுமில்லடி, ஏழு வந்தா சொல்றேன்" என்று அக்காவே ரிப்போர்ட் கொடுத்துவிட்டாள்.